மனு எழுதிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறதா?

கடலூரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் மூன்றாண்டுகளாகக் களப்பணி செய்துவரும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். சமூகப்பணியில் முதுகலை முடித்தவர். இருளர் குடியிருப்புகளில் வேலை செய்கிறார். சென்ற ஆண்டு பதினான்கு பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்காக மனு எழுதிக் கொடுத்ததாகவும், ஐந்து பேருக்கு மட்டுமே சான்றிதழ் கிடைத்ததாகவும், மற்றவர்களுக்காக அதே மனுவைத் தேதி மாற்றி இந்த ஆண்டும் எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொல்கிறார். சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்து இதைப் பேசலாமா, சட்டத்தையோ விதியையோ மாற்றச் சொல்வது சமூகப் பணியாளரின் வேலையா, சட்டம் எப்படி உருவாகிறது என்று மக்களுக்குச் சொல்லித்தருவதை எங்கிருந்து தொடங்குவது என்பன அவருடைய கேள்விகள். அவருடைய நிறுவனச் செயலாளர், "அதெல்லாம் அரசியல், நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம்.

செய்யலாம் என்பதும், செய்யத்தான் வேண்டும் என்பதும் என் பதில். சமூகப்பணிக்கு உலக அளவில் 2014-இல் மெல்போர்னில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறையே சமூக மாற்றத்தை இத்தொழிலின் நோக்கங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. ஆகவே தகுதி நமக்கு உண்டா என்ற விவாதத்தில் நான் நேரம் செலவிட விரும்பவில்லை. உங்கள் செயலாளரின் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பேச வேண்டியது வேறொன்று. நம்மில் பெரும்பாலோர் கொள்கைப் பரிந்துரை, அதாவது அலுவலகங்களில் நாம் 'அட்வகசி' என்று சொல்லும் வேலையில் தோற்றுப்போவது துணிச்சல் இல்லாததால் அன்று. கோளாறு சட்டத்தில் இருக்கிறதா, விதியில் இருக்கிறதா, அரசாணையில் இருக்கிறதா, அல்லது ஒரு மேசையில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல், கண்ணில் பட்ட முதல் கதவைத் தட்டுவதால்தான் தோற்கிறோம்.

உங்கள் பதினான்கு பிள்ளைகளையே எடுத்துக்கொள்வோம். இருளர் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் நெடுங்காலமாக இருக்கிறார்கள். ஆகவே பட்டியலில் குறை இல்லை. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் சான்றிதழ் தருவதைப் போலப் பழங்குடியினருக்குத் தருவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். நம் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என்று மூன்று கோட்டங்கள். திட்டக்குடிப் பக்கத்து ஏரிக்கரையில் இருக்கும் குடும்பம் விசாரணைக்காக விருத்தாசலம் போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். கோட்டாட்சியர் வேறு பணியாக வெளியே போயிருந்தால் இன்னொரு நாளையும் இழக்க வேண்டும். இதைப் பார்க்கும் எவருக்கும், "இந்த அதிகாரத்தை வட்டாட்சியருக்கே கொடுத்துவிடலாமே" என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. பல ஆண்டுகளுக்கு முன் அப்படியே ஒரு கோரிக்கை எழுதி, நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்தேன். அவர் அக்கறையோடு வாங்கி, துறைக்கும் அனுப்பினார். ஏற்க இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. காரணம் எனக்கு மிகவும் பின்னால்தான் புரிந்தது. போலிச் சான்றிதழ் தொடர்பான குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளில் முதலாவதே, இத்தகைய சான்றிதழ் வட்ட அளவிலான அலுவலரால் அல்லாமல் கோட்ட அளவிலான அலுவலரால் தரப்பட வேண்டும் என்பதுதான். மாநில அரசு விரும்பினாலும் எளிதில் தர முடியாத ஒன்றை நான் கேட்டிருந்தேன். நாற்பது கையெழுத்தும் வீண். அதைவிட, அந்த நாற்பது பேருக்கு 'கேட்டும் பயனில்லை' என்ற பாடத்தைக் கற்பித்தது நானே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதே வழக்கின் நெறிமுறைகளுள், படிப்பில் சேர்வதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே சான்றிதழைச் சரிபார்க்கும் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. அதாவது சான்றிதழ் அதற்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். நம்முடைய மனுக்கள் எப்போது எழுதப்படுகின்றன? பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகு, ஜூன் மாத வெயிலில். அப்படியானால் கேட்க வேண்டியது அதிகார மாற்றம் அன்று. கல்வியாண்டின் நடுவிலேயே, கோட்டாட்சியர் குடியிருப்புக்கு வந்து விசாரிக்கும் முகாம் வேண்டும். உடன்பிறந்தவருக்கோ தந்தைக்கோ முன்பே தரப்பட்ட உண்மையான சான்றிதழ் இருந்தால் அதை விசாரணையில் முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும். மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இந்த மூன்றுக்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரின் சுற்றறிக்கை ஒன்றும், துறைச் செயலாளரின் கடிதம் ஒன்றும் போதும். சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியதும், அந்தக் கடிதம் வெளிவரும்படி அவையிலோ துறையிலோ ஒரு கேள்வியை எழுப்பச் சொல்வதுதான்.

இதே மக்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பார்த்தால் கதவு என்று நான் சொல்வது இன்னும் தெளிவாகும். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்தில் முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. பாகூர்ப் பகுதியில் இரு எல்லைகளும் பின்னிக் கிடக்கின்றன. ஒரே பேச்சு, ஒரே உறவு, ஒரே கன்னிமார் வழிபாடு. ஆனால் இந்தப் பக்கம் பழங்குடியினராக இருந்த இருளர் அந்தப் பக்கம் போனால் பழங்குடியினர் அல்லர். புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குப் பழங்குடியினர் பட்டியல் என்ற ஒன்றே 2016 டிசம்பர் வரை கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரியின் பழங்குடியினர் எண்ணிக்கைக்கு நேரே எதுவும் இல்லாததற்கு இதுவே காரணம். பட்டியல் இல்லாத இடத்தில் அந்த இனத்தவர் எத்தனை பேர் வாழ்ந்தாலும் கணக்கில் சுழிதான். அரசமைப்புச் சட்டத்தின் 342-ஆம் பிரிவின்படி முதல் பட்டியலை வெளியிடும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு மட்டுமே உரியது. புதுச்சேரி சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் அது வேண்டுகோளாகத்தான் நிற்கும். ஆகவே அந்தக் கோரிக்கை புதுச்சேரித் துறை அலுவலகத்திலிருந்து டெல்லி வரைக்கும் போக வேண்டியிருந்தது. கடைசியில் 2016-இல் 'இருளர் (வில்லி, வேட்டைக்காரன் உட்பட)' என்று பட்டியல் வந்தது. இனி அதில் இன்னொரு இனத்தைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமானால் குடியரசுத் தலைவர் ஆணை போதாது, நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். ஒரே கோரிக்கை, ஆனால் 2016-க்கு முன் ஒரு கதவு, பின் வேறொரு கதவு.

உங்கள் வேலைக்கு நேரடியாகத் தேவைப்படும் ஒரு குறிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழங்குடித் தகுதி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியானது என்பதால், தந்தை பாகூர்ப் பக்கத்தையும் தாய் கடலூர்ப் பக்கத்தையும் சேர்ந்தவராக இருந்தால், பிள்ளையின் விண்ணப்பம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மனு எழுதும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒன்பது நிலுவை மனுக்களில் இப்படிப்பட்டது ஒன்றிரண்டாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கதவைத் தவறவிட்ட இன்னொரு சம்பவம். ஆழிப்பேரலைக்குப் பிந்தைய கோடையில், கடலூர்க் கரையில் தார் அட்டை வேய்ந்த தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் ஊர்க் கூட்டம். பகலில் அந்தக் கொட்டகைக்குள் உட்கார முடியாது. அதனால் கூட்டமே இரவு எட்டு மணிக்கு மேல்தான். கடலிலிருந்து இருநூறு மீட்டருக்கு அப்பால் போக ஒப்புக்கொண்டால் அரசு இலவசமாக வீடு கட்டித் தரும், போகாவிட்டால் பழைய வீட்டைத் தன் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது என்பது அப்போதைய நிலை. வலையைப் பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து, "இருநூறு மீட்டருன்னு கோடு போட்டது யாரு தம்பி? அந்த ஆளு பேரச் சொல்லு, நாங்க போய்ப் பாத்துக்கறோம்" என்றார். நான் "கலெக்டர்" என்றேன். மறுநாள் மூன்று வேன்களில் ஆட்சியர் அலுவலகம் போனார்கள்.

கோடு போட்டவர் ஆட்சியர் அல்லர். வீட்டுதவிக்கு நிபந்தனை வைத்தது 2005 மார்ச் 30 அன்று வெளியான மாநில அரசாணை 172. அந்த இருநூறு மீட்டரின் வேர், சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு 1991-இல் வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் இருந்தது. அது நாடாளுமன்றம் வாக்கெடுத்து நிறைவேற்றிய சட்டமும் அன்று. சட்டம் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு ஓர் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை. இப்படிப்பட்டவற்றுக்கு முன்வரைவு வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களுக்குப் பொதுவாக அறுபது நாள் தர வேண்டும் என்பது விதி. அந்த அறுபது நாள்தான் கதவு. நாட்டின் மீனவர் அமைப்புகள் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தின: 1991 அறிவிக்கைக்குப் பதிலாக 2008-இல் கொண்டுவரப்பட்ட முன்வரைவு கடும் எதிர்ப்புக்குப் பின் 2009-இல் கைவிடப்பட்டது, 2011-இன் புதிய அறிவிக்கையில், நூறிலிருந்து இருநூறு மீட்டர் வரையிலான பகுதியில் மரபார்ந்த கடலோரச் சமூகத்தார் வீடு கட்டவும் புதுப்பிக்கவும் அனுமதி பெற வழி சேர்க்கப்பட்டது, 2019-இல் மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைக்கு அந்தத் தூரம் ஐம்பது மீட்டராகக் குறைந்தது. கடைசி மாற்றம் மீனவருக்கு நன்மையா, விடுதி கட்டுபவருக்கு நன்மையா என்று எனக்கு ஐயம் உண்டு. ஆனால் அது வேறு விவாதம். மூன்று வேன் வாடகையை ஊர் வசூலித்துக் கொடுத்தது என்பதை மட்டும் நான் மறக்கவில்லை.

இதனால்தான் சட்டக் கல்வி என்பதை அடிப்படை உரிமைகளின் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதாக நான் எண்ணுவதில்லை. சட்டம், சட்டத்தின் கீழ் விதி, விதியை நடைமுறைப்படுத்த அரசாணை, அரசாணையை விளக்கச் சுற்றறிக்கை, அனைத்துக்கும் மேல் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை என்ற அடுக்கை ஒரு தாயாருக்கு அவருடைய சொந்தப் பிரச்சினையைக் கொண்டு விளங்கவைக்க முடிந்தால் அதுவே சட்டக் கல்வி. நான் செய்யும் முறை எளியது. ஒரு அரசாணையை நகலெடுத்துக் கொண்டுபோய், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றை உரக்க வாசிக்கச் சொல்வேன். அரசாணையின் தொடக்கத்தில் முந்தைய கடிதங்களையும் ஆணைகளையும் பட்டியலிடும் பகுதியை எல்லோரும் தாண்டிவிடுவார்கள். நான் அங்கே நிறுத்துவேன். இந்த ஆணைக்கு முன்னால் யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்ற வரலாறு முழுவதும் அந்தச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. "அப்ப இந்த ஆணைக்கு முன்னாடி யாரோ ஒருத்தரு லெட்டர் எழுதியிருக்காரு" என்று ஒரு பெண் ஒருமுறை சொன்னார். அதற்குப் பின் அந்தக் கூட்டத்தில் நான் பேச வேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் இதற்கு ஏற்ற பயிற்சிக் களம் கிராம சபை. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நான்கோடு, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ஐந்நூறு பேர் வரையுள்ள ஊராட்சிக்கு ஐம்பது பேர், மூவாயிரம் வரை நூறு பேர், பத்தாயிரம் வரை இருநூறு பேர், அதற்கு மேல் முந்நூறு பேர் வந்திருக்க வேண்டும் என்ற குறைவெண் கணக்கை மக்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கும் தைரியம் இந்த எண்ணிலிருந்துதான் வருகிறது. அதைவிட முக்கியமானது தீர்மானப் புத்தகம். பல ஊர்களில் முதலில் கையெழுத்து, பிறகு தீர்மானம் என்பதே பழக்கம். கூட்டம் தொடங்கும்போதே கையெழுத்துத் தாள் சுற்றுக்கு வந்துவிடும், தேநீரும் வரும், தீர்மானம் மறுநாள் அலுவலகத்தில் எழுதப்படும். தீர்மானத்தை எழுதி, உரக்க வாசித்த பிறகே கையெழுத்து என்று ஒரு மகளிர் குழு நிலையாக நின்றுவிட்டால், நீங்கள் நடத்தும் பத்துப் பயிற்சிப் பட்டறைகளுக்கு அது சமம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கிராம சபை கூடத்தான் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதுச்சேரியில் நிலைமை வேறு. ஐந்து நகராட்சிகளும், ஊரகப் பகுதிக்குப் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளும் கொண்ட அந்தப் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் ஒருமுறை நடந்தது, அடுத்தது 2006-இல்தான். 2011-இல் அந்தப் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லாமலே ஆண்டுகள் ஓடின. அதன் விளைவாகத் தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசல்தான். முப்பது தொகுதிகள் மட்டுமே உள்ள அவையில் தொகுதிகள் சிறியவை. காலையில் ஏழு மணிக்குப் போனால் உறுப்பினரையே நேரில் பார்த்துவிடலாம். இது ஒரு வசதிதான். ஆனால் அந்த வாசலில் தெருவிளக்கும், மருத்துவச் செலவும், பள்ளிச் சேர்க்கையும் வரிசையில் நிற்கும்போது, ஒரு சட்ட முன்வடிவைப் பற்றிப் பேச வந்தவருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். மேலும் 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் ஆட்சிச் சட்டப்படி, பணச் செலவு சார்ந்த முன்வடிவுக்குத் துணைநிலை ஆளுநரின் முன்பரிந்துரை வேண்டும். நிறைவேறிய முன்வடிவைக் குடியரசுத் தலைவரின் முடிவுக்கு ஒதுக்கிவைக்கவும் அவரால் முடியும். வரவு செலவுத் திட்டமே டெல்லியின் ஒப்புதலுக்குப் பிறகுதான் அவைக்கு வருகிறது. மத்திய அரசு நியமிக்கும் மூன்று உறுப்பினர்களும் வாக்களிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. தகவல் உரிமை மேல்முறையீடு கூட மாநில ஆணையத்துக்குப் போவதில்லை, மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகிறது. ஆகவே கடலூரில் கற்ற பாடத்தை அப்படியே பாகூரில் நடத்த வேண்டாம். நான் நடத்தியிருக்கிறேன், அங்கே ஒரு கல்லூரி மாணவர்தான் எழுந்து, "எங்க ஊர்ல கிராம சபையே கூடறதில்ல சார்" என்று திருத்தினார்.

சட்டமன்ற உறுப்பினரைப் பார்ப்பது பற்றி. தயாரிப்பு இல்லாமல் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் உள்ள பதினான்கு பேரின் கதையைப் பெயர் இல்லாமல் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் எத்தனை நாள் எந்த மேசையில் நின்றது, எத்தனை பேர் இதனால் படிப்பை நிறுத்தினார்கள், எந்த ஆணையின்படி யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் துறை, உறுப்பினர் செய்யக்கூடிய ஒரே ஒரு செயல் என்ன. 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று முடிக்காதீர்கள். அப்படி முடியும் தாள் எந்த மேசையிலும் தேங்காமல் நேராகக் கோப்புக்குள் போய்விடும். அந்தத் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தாள் அவர் கையில் இருக்க வேண்டும். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அவையில் வைக்கப்பட்ட பிறகு ஓடினால், பேசுபவர் பட்டியல் முடிவாகியிருக்கும். இன்னொன்று, உறுப்பினரைவிட அவருடைய உதவியாளரை மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கேள்விக்கான அறிவிப்பை எழுதி அனுப்புபவர் பெரும்பாலும் அவர்தான். உங்கள் தாளில் உள்ள ஒரு வாக்கியம் கேள்வியாக மாறத் தக்கபடி இருந்தால் அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலும் ஒருவரிடமாவது அதே தாளைக் கொடுங்கள், கொடுத்ததை இருவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அமைச்சர் அவையில் 'பரிசீலிக்கப்படும்' என்று உறுதி சொல்லிவிட்டால் அந்த நாளைக் குறித்து வையுங்கள், ஏனென்றால் அவையில் தரப்பட்ட உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்க்கவே ஒரு குழு இருக்கிறது.

பேரவையின் மனுக்கள் குழுவைப் பற்றி நம் களத்தில் பலருக்குத் தெரிவதில்லை. அது மாவட்டங்களுக்கு வரும் முன் நாளிதழ்களில் அறிவிப்பு வரும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினை, ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை என்பது அதன் நிபந்தனை. தனிநபர் குறையும், நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரமும், வேலை கேட்பதும் ஏற்கப்படா. அதாவது உங்கள் பதினான்கு மனுக்களில் ஒன்றுகூட அங்கே செல்லாது. ஆனால் பதினான்கையும் சேர்த்து 'இக்கோட்டத்தில் பழங்குடிச் சான்றிதழ் விசாரணை தாமதமாவது' என்று எழுதினால் செல்லும். திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்கு எழுதும் மனுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான், ஒரு களப்பணியாளர் கொள்கைப் பரிந்துரையாளராக மாறும் இடமும் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இனி உங்கள் செயலாளரின் அச்சம். கட்சிக்கு வாக்குக் கேட்பதும், வேட்பாளருடன் மேடையில் நிற்பதும், நிறுவன வாகனத்தைக் கொடுப்பதும் அரசியல். அவற்றை அவர் தடுப்பது சரி. பொதுநலக் கோரிக்கையை எல்லாக் கட்சியினர் முன்னும் வைப்பது அந்தப் பொருளில் அரசியல் அன்று. வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனமாக இருந்தால் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 'அரசியல் தன்மை கொண்ட அமைப்பு' என்று அறிவிக்கப்படும் அபாயத்தை எண்ணி அவர் அஞ்சுவார். மக்களின் உரிமைக்காகப் போராட்ட முறைகளைக் கையாண்டது என்பதற்காக மட்டும், கட்சி அரசியலோடு தொடர்பில்லாத ஓர் அமைப்பை அப்படி அறிவிக்கக் கூடாது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. அதை அவருக்குக் காட்டுங்கள். ஆனால் அதே ஆண்டுத் திருத்தத்தால் நிர்வாகச் செலவின் வரம்பு இருபது விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பயணம், கூட்டம் எல்லாம் எந்தக் கணக்கில் எழுதப்படுகின்றன என்பதில் அவர் கவலைப்பட்டால் அந்தக் கவலையை மதியுங்கள். தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும் வாரங்களில் மனு நாளே நிறுத்திவைக்கப்படும். அப்போது நீங்களும் நிறுத்திக்கொண்டு, தாளைத் திருத்தி எழுதுவதற்கு அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள்.

அரசு மருத்துவமனையிலோ குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ பணிபுரியும் நம் தோழர்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. நடத்தை விதிகள் அவர்களை வெளிப்படையாகப் பேச விடா. அவர்களுக்கு இருக்கும் வலிமை மாத அறிக்கைதான். 'இந்த மாதம் வந்தவர்களில் இத்தனை பேர் இந்த ஒரே காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டனர்' என்ற ஒரு வரியைத் தவறாமல் ஒவ்வொரு மாதமும் எழுதிவந்தால், என்றோ ஒருநாள் தகவல் உரிமையில் நீங்கள் கேட்கும் நகலில் அது உங்கள் கைக்கு வரும்.

மறைகாப்பு, அதாவது நம்மை நம்பி வருபவரின் விவரங்களை வெளியிடாமல் காப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. உறுப்பினரின் மனத்தைத் தொட வேண்டும் என்று பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். படத்தைத் தாளில் ஒட்டாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டத்தின் 23-ஆம் பிரிவும் தமக்குட்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கின்றன. அந்தச் சட்டங்களுக்குள் வராத சான்றிதழ் விவகாரத்திலும் அதே ஒழுக்கம் வேண்டும். நேரில் பேச யாராவது வர வேண்டுமென்றால் வயது வந்தவர், தாமாக விரும்பி வருபவர், என்ன பேசப்போகிறோம் என்பதை முன்பே ஒருமுறை சொல்லிப் பார்த்தவர் வரட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். முன்வரிசையில் நிற்கும் ஆசை நம் தொழிலுக்குரிய நோய், எனக்கும் இருந்தது.

காலம் எவ்வளவு ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தேவதாசி முறையை ஒழிக்கும் குரலை முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எழுப்பியது 1920-களின் இறுதியில். முழுத் தடைச் சட்டம் வந்தது 1947-இல். இடைப்பட்ட காலத்தில் அவர் காத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லத்தை நடத்தினார். மனு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொள்கைக்குப் போ என்று நான் சொல்லாததற்கு இதுவே காரணம். மீதி ஒன்பது பிள்ளைகளுக்கும் இந்த ஆண்டு மனு எழுதத்தான் வேண்டும்.

எழுதும்போது ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்யுங்கள். ஒவ்வொரு மனுவின் நகலின் பின்புறத்திலும் அது கொடுக்கப்பட்ட நாள், ஒப்புகை எண், எந்த அலுவலகத்தில் எத்தனை நாள் இருந்தது, வாய்மொழியாகச் சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வாருங்கள். மார்ச் மாதம் வரும்போது அந்த ஒன்பது தாள்களையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். ஒரு பக்கக் குறிப்பைச் சேர்ந்து எழுதுவோம்.